நிலக்கரிச் சுரங்கத்தில் மண் சரியுமா, சுற்றுப்புறம் கெடுகிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் காங்கேயத்துப் பக்கம். நம் கொங்கு நாட்டில் கரி கிடையாது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வருகிற கரிகூட ஒடிசாவில் வெட்டியது, பாரதீப்பில் கப்பல் ஏறியது. அந்தத் தால்ச்சேர் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் ஆறு வருடம் சர்வே வேலை பார்த்தேன்.

சுரங்கம் என்றதும் ஊரில் எல்லோரும் குகையைத்தான் நினைக்கிறார்கள். இந்தியாவில் பெரும்பகுதிக் கரி இப்போது மேலிருந்து வெட்டித்தான் எடுக்கப்படுகிறது. கரிக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளி ஓரமாகக் கொட்ட வேண்டும், அது நாளடைவில் மலையாகிவிடும். ஓபி டம்ப் என்பார்கள். பார்க்க வருகிறவர்கள் குழியைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பயம் அந்தக் குவியல்தான். வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற ஊரில் 1966 அக்டோபர் 21 அன்று சுரங்கக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. செத்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியலை நீரூற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் லால்மாட்டியாவில் இதே மாதிரி சரிந்து 23 பேர் போனார்கள்.

விதி இருக்கிறது. குவியலின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் படி படியாக வெட்டிவிட வேண்டும். நகர்வைக் கண்காணிக்க ரேடார், தூரமும் கோணமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன், உள்ளே நீர் அழுத்தம் பார்க்கிற பீசோமீட்டர் எல்லாம் உண்டு. ஆனால் நான் கற்றுக்கொண்டது ராசிபுரத்துக்காரர் ஒருவரிடம். எங்கள் ஓவர்மேன், அதாவது ஷிப்டில் ஆட்களை மேற்பார்க்கிறவர் அவர்.

ஒரு ஆகஸ்ட் மாதம், நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் வெயில். குவியல் மேலே ஏறினோம். முந்தின நாள் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்த இடம் காய்ந்து கிடந்தது. நான் “அப்பாடா, வடிஞ்சிருச்சுங்கண்ணா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “வடிஞ்சுதா? எந்தப் பக்கமா வடிஞ்சுது தம்பி? காட்டு பார்ப்போம்.”

ஓடிய தடமே இல்லை. தேடினால் செடி மறைவில் ஒரு விரிசல், விரல் நுழைகிற அகலம், விளிம்பை ஒட்டியே இருபது முப்பது அடி நீளத்துக்கு வளைந்து போகிறது. தண்ணீர் அத்தனையும் அதற்குள் இறங்கியிருந்தது. கீழே அடிவாரத்துக்கு வந்து பார்த்தோம். வழக்கமாகத் தெளிவாகக் கசிகிற இடத்தில் அன்றைக்குக் கலங்கல். தெளிந்த கசிவு பரவாயில்லை. கலங்கி வந்தால் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

விரிசலின் இரண்டு பக்கமும் முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, டேப்பால் அளந்தோம். முதல் நாள் 4 மில்லிமீட்டர் விலகல். மறுநாள் இன்னும் 4. அதற்கு மறுநாள் 11. கொஞ்சமாக நகர்கிற குவியல் நகர்ந்துகொண்டே கிடக்கும். வேகம் கூட ஆரம்பித்தால்தான் கீழே ஆள் இருக்கக் கூடாது. மேனேஜருக்கு உற்பத்திக் கணக்கு. கீழே மண் அள்ளுகிற ஷவல் இயந்திரத்தை நகர்த்த மாட்டேன் என்றார். ராசிபுரத்து அண்ணன் எதுவும் பேசவில்லை. ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆட்களை மேலே வரச் சொல்லிவிட்டார். எழுதிய பிறகு மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

குவியல் விழவே இல்லை. தண்ணீரை வேறு பக்கம் திருப்பி, விரிசலைக் களிமண்ணால் அடைத்த பிறகு ஒரு வாரத்தில் நகர்வு நின்றுவிட்டது. அப்புறம் ரொம்ப நாள் என்னை அங்கே ‘க்ராக் பாபு’ (விரிசல் பாபு) என்றுதான் கூப்பிட்டார்கள்.

சுற்றுச்சூழல் ஆய்வைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தூசு, வெளியேற்றும் தண்ணீர், வெடி அதிர்வு, இந்த மூன்றும்தான் முக்கியம். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும், மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிர்வை ஊர் வீட்டுப் பக்கத்திலேயே கருவி வைத்து அளப்பார்கள். அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர் என வரம்பு. தூசைப் பொறுத்தவரை, அதிகாரிகள் வருகிற அன்று விடியற்காலையிலிருந்தே லாரி ரோட்டில் தண்ணீர் டேங்கர் ஓடும். அதனால் அந்த ஒரு நாள் அளவை மட்டும் நான் நம்ப மாட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மாமா கேட்டார்: “ஏன் மாப்ள, நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துக் குவாரிக்கு இதெல்லாம் இல்லியா?” இருக்குங்க மாமா என்றேன். வெடி வைத்து வெட்டுகிற கல் குவாரியும் சுரங்க விதிகளுக்குள் வருவதுதான். பள்ளத்தின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல், மண், மரம் எதுவும் இருக்கக் கூடாது. குடியிருப்புக்கும் குவாரிக்கும் 300 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. மாமா சிரித்தார். “இதையத்தான உங்கப்பாரு கிணறு வெட்டறப்பச் சொன்னாரு, வெட்டுன மண்ண வாயோரம் கொட்டாதீங்கடான்னு.”

போன வாரம் இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். கழித்த மண் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லை, மேலே சீமைக்கருவேலம் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. அடியில் கைவிட்ட பாறைக்குழி, நிறையத் தண்ணீர். லீவு நாளில் பையன்கள் குளிக்க வருகிற இடம். மேட்டில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தாலும் இரண்டு முளை அடித்து அளவு குறித்து வைத்திருக்கிறேன். போட்டோவோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போகிறோம். மாமா அதற்குள் ஆட்டுப்பட்டியை அந்தப் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார்.