ஈட்டுக் கடன் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

நுவரெலியாவில் ஒரு வீட்டை ஈடாக வைத்துக் கொடுக்கப்பட்ட 40 லட்சம் கடனை வசூலிக்கும் உரிமையை, கடன் கொடுத்தவரிடமிருந்து 24 லட்சத்துக்கு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள், சட்டத்தரணியோ "வழக்கு நடக்குது" என்பதற்கு மேல் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஒன்று. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் பராட்டே உரிமை வங்கிகளுக்குத்தான். தனியாளான உங்களுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஈட்டு வழக்குத்தான் வழி. அதனால் காலம் இழுக்கும்.

வழக்கு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தவணையிலும் நடந்தது வழக்கேட்டில் பதிவாகும். அந்தக் குறிப்புகளின் பிரதியைத் தரச் சொல்லுங்கள். "அழைப்பாணை சேர்ப்பிக்கப்படவில்லை" என்று மூன்று தவணைக்கு ஒரே வரி இருந்தால், வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். எதிராளியான கடனாளி கொழும்புக்குக் குடிபோயிருப்பார், பழைய விலாசத்துக்கே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். புது விலாசம் தேடிக் கொடுங்கள். அதைத் தாண்டினால் எதிராளியின் மறுமொழி, விளக்கம் (அதாவது விசாரணை), தீர்ப்பு, விற்பனைக் கட்டளை, ஏலம், கடைசியில் பணம்.

அப்புறம், ஈடு உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டது காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா? இந்த வாரமே பாருங்கள். அது அரசு அளிப்புக் காணியா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியானால் ஈடு வைப்பதற்கே கட்டுப்பாடு உண்டு.

செலவைச் சேர்க்காமலே கணக்குப் போட்டேன். 40 லட்சமும் இரண்டு வருடத்தில் வந்தால் நீங்கள் போட்ட 24 லட்சத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 29 வீத லாபம், ஆறு வருடமானால் 9 வீதம்கூட இல்லை. எதிராளி சமரசத்துக்கு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.