படம் எடுக்கத் தெரியாதவர் படத்தைப் பற்றிப் பேசலாமா?

அன்புள்ள சார்,

யூடியூபில் சினிமா விமர்சனம் செய்யும் ஒருவரைச் சில வருடங்களாகத் தவறாமல் பார்த்துவருகிறேன். நம்ம பக்கத்துக்காரர்தான். எவ்வளவு பெரிய நடிகர் படமானாலும் கிழித்துத் தொங்கவிடுவார். அவர் 'தேறாது' என்று சொன்ன படத்துக்கு நானும் நண்பர்களும் போவதில்லை. இப்போது அவரே முட்டத்தில் வைத்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார். கடைசிவரை உட்கார முடியவில்லை. மற்றவர்கள் படத்தில் எதையெல்லாம் கேலி செய்தாரோ அதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு காட்சியைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதவருக்கு அடுத்தவரைக் குறைசொல்ல என்ன தகுதி? இனி அவர் பேச்சை எதற்கு மதிக்கவேண்டும்?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய இணைப்பில் படத்தைப் பார்த்தேன். மோசமான படம்தான், சரி. ஆனால் அதைக் காரணம் காட்டி அவருடைய விமர்சனங்களைத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது பந்தலில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வில்லைத் தட்டும் வீசுகோலைக் கையில் கொடுத்தால் அவர்களில் பலருக்கு இரண்டு வரி தாளத்தில் நிற்காது. ஆனால் சுடலைமாடன் கதையில் பார்வதி விளக்குச் சுடரை முந்தானையில் ஏந்தும் இடத்தைப் பாட்டை நடத்தும் புலவர் அவசரமாகத் தாண்டினால், "நல்ல எடத்த முழுங்கிட்டாம்லா" என்று உடனே குரல் வரும். புலவரும் அந்த முகங்களைப் பார்த்துத்தான் பாடுவார். காலம்காலமாகக் கேட்டு வந்த ஞானம் அது. பாட வராது என்பதால் அவர்கள் சொன்னது பொய்யாகிவிடாது.

அமெரிக்காவின் ரோஜர் ஈபர்ட் 1975-ல் விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர். அதை வாங்கிய முதல் சினிமா விமர்சகர். 1970-ல் அவர் திரைக்கதை எழுதிய ஒரு படம் வந்தபோது சக விமர்சகர்கள் பலர் அதைத் துவைத்து எடுத்தார்கள். மறுபக்கம் பிரான்ஸின் ட்ரூஃபோ. அவர் எழுதிய கடுமையான விமர்சனங்களால் 1958-ல் கான் திரைவிழாவில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுவருடம் அதே விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். அந்த விருதால் அவருடைய பழைய கட்டுரைகள் ஒரு வரிகூடக் கூடுதலாகச் சரியாகிவிடவில்லை. ஈபர்ட் எழுதியதும் அந்தப் படத்தால் தப்பாகிவிடவில்லை.

உங்கள் விமர்சகரின் படத்துக்கு வருகிறேன். முட்டம் பாறையில் அப்பாவும் மகனும் பேசும் காட்சி. மகன் வளைகுடாவுக்குப் போகவேண்டும் என்கிறான். பின்னால் கிழிந்த வலை ஒன்று கிடக்கிறது. கடலுக்குப் போகிற மனிதர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பேசிக்கொண்டே வலையை மடியில் இழுத்துப்போட்டுக் கிழிசலைத் தேடியிருப்பார். மகன் சொன்னதைக் கேட்டு அந்தக் கை ஒரு நொடி நின்றிருந்தால் போதும். இங்கே இருவரும் கையைக் கட்டிக்கொண்டு குடும்பக் கடன் முழுவதையும் வசனமாக ஒப்பிக்கிறார்கள். காற்றில் சட்டை படபடக்கிறது, குரலோ மூடிய அறைக்குள்ளிருந்து வருகிறது. வேறொருவர் படமாக இருந்தால் இதை அவர் பார்த்தவுடனே பிடித்திருப்பார். முடிந்த படத்தில் எது குறைகிறது என்பது கண்ணில் படும். எடுக்கும்போது ஒன்றுமே இருக்காது. வெளிச்சம் இறங்குவதற்குள் காமிராவை எங்கே வைப்பது, நடிகர் கையில் எதைக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யவேண்டும். எத்தனை நூறு விமர்சனம் செய்தாலும் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

அவரிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அது வேறு காரணத்துக்காக. படம் வந்த பிறகு அவர் போட்ட விளக்க வீடியோவையும் பார்த்தேன். பணம் போதவில்லை, மழை கெடுத்தது, நடிகர் பாதியில் கிளம்பிவிட்டார் என்கிறார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அடுத்தவர் படத்தில் இதில் ஒன்றையாவது அவர் கணக்கில் எடுத்ததுண்டா? எடுத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கியவனுக்கு மழைக்கதை எதற்கு? அந்த அளவுகோல் சரியானதுதான். அதைத் தனக்கும் வைத்து, தன் படத்தைப் பற்றி அதே குரலில் ஒரு விமர்சனம் செய்திருந்தால் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அப்புறம், அவருடைய பழைய வீடியோக்கள் சிலவற்றையும் பார்த்தேன். இன்ன காட்சி, இன்ன வசனம் என்று சுட்டிக்காட்டும் இடங்களில் கூர்மையானவர். நடிகையின் உடம்பை, இயக்குநரின் பேச்சை நக்கலடிக்கும் இடங்களும் நிறைய. அது விமர்சனமே கிடையாது. அவர் அருமையான படம் எடுத்திருந்தாலும் அதை ஏற்க முடியாது. நீங்கள் கோபப்பட்டிருக்கவேண்டியது அதற்குத்தான், அதுவும் அப்போதே.

'தேறாது' என்ற ஒரு சொல்லைக் கேட்டுப் படத்துக்குப் போகாமல் இருந்தீர்கள் என்று எழுதியதும் எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் பிழை சொன்ன படங்களில் இரண்டையாவது இப்போது பாருங்கள். அவர் காட்டிய இடத்தில் அந்தப் பிழை இருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். அவருக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால் தகுதியைப் பற்றி எழுதவேண்டாம், அந்த வலையைப் பற்றி எழுதுங்கள். அவர் அடுத்த படம் எடுக்கவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.