கட்டமைப்புவாதம் என்றால் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

பிள்ளை தன் அனுபவத்திலிருந்து அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்னும் கற்றல் கொள்கைதான் கட்டமைப்புவாதம் (constructivism). அதைப் பற்றி பி.எட். படிப்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அறிவை மாணவரே கட்டிக்கொள்கிறார் என்றால் ஆசிரியருக்கு என்ன வேலை?"

வேலை கூடத்தான் செய்கிறது. நான்காம் வகுப்பில் 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். பலர் 1/8 என்பார்கள். நாலைவிட எட்டு பெரிசாச்சே! இது கவனக்குறைவு இல்லை. முழு எண்களில் இதுவரை பலித்த விதியைப் பிள்ளை இங்கேயும் நீட்டுகிறது. "தப்பு" என்று பலகையில் எழுதினால் நோட்டில் விடை மாறும், மண்டைக்குள் இருக்கும் விதி மாறாது.

தோசை போல வட்டமாக, ஒரே அளவில் வெட்டிய இரண்டு காகிதம் கொடுங்கள். ஒன்றை நாலாக, மற்றதை எட்டாக மடித்துக் கிழிக்கட்டும். "எந்தத் துண்டு வேணும்?" என்றதும் கை நாலில் ஒன்றுக்குப் போகும். அப்போது முகத்தில் ஒரு திகைப்பு வரும் பாருங்கள், பழைய விதி ஆட்டம் காண்பது அங்கேதான். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியது இதைத்தான்.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி துணையின் பங்கைச் சேர்த்தார்: இன்று பிறர் உதவியோடு செய்வதை நாளை தனியே செய்யும் பிள்ளை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. சுவர் நின்றதும் சாரத்தைப் பிரிக்க வேண்டும்; அதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் (பிள்ளை அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் கற்கும் முறை) இந்த வழியில் வந்ததுதான். ஆனால் "ஏன் அப்படி நினைச்சே?" என்று கேட்க ஆளில்லாவிட்டால் அட்டை எடுப்பதும் சடங்காகிவிடும்.

எழுத்து வடிவம், மாதப் பெயர்களையெல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். அவை நாம் வைத்துக்கொண்ட வழக்கங்கள்; நேராகச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.