ஆர்ட்ஸ் படிச்சா நிஜமாவே பிரயோஜனம் இருக்கா?

வரலாறு, இலக்கியம், தத்துவம், மானுடவியல் மாதிரி படிப்பெல்லாம் சமூகத்துக்கோ வேலைக்கோ உதவுதா, இல்ல அதைப் படிச்சவங்க மனசைத் தேத்திக்க சொல்லிக்கிறதான்னு கேட்டிருக்கீங்க. நான் வரலாறு படிச்சுட்டு இப்ப ஒரு இன்சூரன்ஸ் ஆப் பண்ற கம்பெனில இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

மொதல்ல, இந்தப் படிப்பு மனுசனை நல்லவனாக்கும், மனிதநேயம் வளர்க்கும்னு மேடைல பேசுறாங்கல்ல, அதை நான் நம்புறதில்ல. ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸ் 1921ல ஹைடல்பர்க் யுனிவர்சிட்டில இலக்கியத்துல டாக்டர் பட்டம் வாங்குன ஆளு. அந்த வாதத்தை அதோட விட்டுடலாம்.

இது கத்துக்குடுக்கிறது என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு வேலைதான். ஒருத்தர் செய்யறது நமக்கு சுத்த பைத்தியக்காரத்தனமா தெரியும்போது, அவருக்கு அது ஏன் நியாயமா படுதுன்னு தோண்டித் துருவி, ஆதாரத்தோட கண்டுபிடிக்கிறது. இவ்வளவுதானான்னு தோணும், ஆனா இது தெரியாததால உயிரே போயிருக்கு.

2014ல மேற்கு ஆப்பிரிக்கால எபோலா பரவுனப்ப நடந்ததைப் பாருங்க. எபோலால செத்தவங்க உடம்புல கிருமி ரொம்ப அதிகமா இருக்கும், அங்க வழக்கம் என்னன்னா சொந்தக்காரங்க கையாலயே குளிப்பாட்டி அடக்கம் பண்றது, அதனால ஒரு சாவுல இருந்து பல பேருக்குத் தொத்திக்கிச்சு. மருத்துவக் குழு என்ன பண்ணுச்சு, உடம்பு பூரா மூடுன டிரெஸ்ஸோட வந்து பிணத்தைப் பைல போட்டுத் தூக்கிட்டுப் போச்சு. மருத்துவப்படி சரிதான். ஆனா ஜனங்க பயந்து போய் நோயாளிகளை ஒளிச்சு வச்சாங்க, ராத்திரில திருட்டுத்தனமா புதைச்சாங்க, நோய் இன்னும் பரவுச்சு. கினி நாட்டுல ஒரு கர்ப்பிணி செத்துப்போனாங்க, வயித்துல இருக்கிற குழந்தையை எடுக்காம புதைச்சா பெரிய கேடு வரும்னு ஊர்க்காரங்க விடல, எடுக்கப் போனா டாக்டருக்கே உயிர் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்துக்காக அங்க போயிருந்த மானுடவியலாளர் ஜூலியென் அனோகோ, ஊர்ப் பெரியவங்க கிட்ட உக்காந்து பேசி, இந்த மாதிரி நேரத்துக்குப் பரிகாரம்னு ஏதாவது உங்க வழக்கத்துல இருக்கான்னு விசாரிச்சாங்க. இருந்துச்சு! அதைச் செய்யத் தெரிஞ்ச பெரியவரைத் தேடிப் பிடிச்சு, செலவை உலக சுகாதார நிறுவனமே ஏத்துக்கிட்டு, சடங்கு நடந்துச்சு, உடம்பைத் தொறக்காமலே அடக்கமும் நடந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல அதே நிறுவனம் வெளியிட்ட அடக்க வழிமுறைல குடும்பம் பக்கத்துல இருக்கலாம், பிரார்த்தனை பண்ணலாம், முஸ்லிம்களா இருந்தா தண்ணி இல்லாம சுத்தம் பண்ற முறையைப் பயன்படுத்தலாம்னெல்லாம் சேர்த்தாங்க. இதுக்கெல்லாம் மருந்து ஆராய்ச்சி தேவைப்படல. அவங்க பேச்சை மூடநம்பிக்கைன்னு ஒதுக்காம உக்காந்து கேக்க ஆள் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்.

செத்தவங்க எழுதி வச்சதையும் இதே மாதிரிதான் படிக்கணும். ஜப்பான்ல 869ல சுனாமி வந்து ஆயிரம் பேர் மூழ்கிப் போனாங்கன்னு அரசவைக் குறிப்புல இருக்கு. பழைய ஆளுங்க மிகைப்படுத்துவாங்க, சரி, ஆனா எதை மிகைப்படுத்துவாங்க எதை மாட்டாங்கன்னு பாக்கத்தானே வரலாறு படிக்கிறோம். பிற்பாடு நிலவியல்காரங்க தோண்டிப் பாத்தா, கடலை விட்டு ரொம்ப தூரம் உள்ள அந்த சுனாமி கொண்டு வந்த மணல் படிஞ்சு கெடக்கு. 2009ல அணு உலைப் பாதுகாப்பு பத்தின அரசாங்கக் கூட்டத்துல ஒருத்தர் இதைச் சொல்லியும் காட்டினார், பெருசா யாரும் எடுத்துக்கல. 2011ல வந்த சுனாமில ஃபுகுஷிமா அணு உலை நாசமாச்சு.

இப்ப வேலை விஷயம். எங்க ஆப்ல நாமினி பேர், அதாவது நாம செத்துட்டா இன்சூரன்ஸ் பணம் யாருக்குப் போகணும்னு போடுற பக்கத்துக்கு வந்ததும் நிறைய பேர் மூடிட்டுப் போயிடுறாங்க. டேட்டா அதுக்கு மேல பேசாது. பட்டன் கலரை மாத்துனாங்க, பக்கத்தைச் சின்னதாக்குனாங்க, ஒண்ணும் அசையல. நானும் கூட வேலை பாக்குற இன்னொருத்தரும் (அவங்க சோசியாலஜி) யூசர்ஸுக்கு போன் போட்டோம். ஏன் விட்டுட்டீங்கன்னு நேரா கேட்டா நெட் ஸ்லோ, டைம் இல்லன்னு ஏதோ ஒண்ணு சொல்வாங்க. அப்ப உங்க பக்கத்துல யார் இருந்தாங்கன்னு கேட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு, அம்மாவோ மனைவியோ பக்கத்துல உக்காந்திருக்கும்போது ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரை எப்படிங்க டைப் பண்றது. நாமினி அப்புறம் சேர்த்துக்கிறேன்னு ஒரு ஆப்ஷன் வச்சோம், பிரச்சனை பெருமளவு தீர்ந்துச்சு. ஒரு ஆவணத்தை யார் எழுதினது, யார் முன்னாடி உக்காந்து எழுதினதுன்னு கேக்கறது வரலாறு கிளாஸ்ல கெடைச்ச பழக்கம்.

ஆனா ஒண்ணு, மொத வேலை கிடைக்கிறது கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பல. எங்க டீம்ல என்னை எடுத்ததே எக்செலும் கொஞ்சம் எஸ்க்யூஎல்லும் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கிற மொழி) தெரியும்னுதான், வரலாறுக்காக இல்ல. அதனால கூட ஒரு டெக்னிக்கல் விஷயம், முடிஞ்சா ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கட்டாயம் கத்துக்கங்க. அப்புறம் டிகிரி வாங்குன எல்லாருக்கும் இந்தப் பழக்கம் வந்துடாது, நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தவங்களுக்கு ஒண்ணுமே வராது. சேர்றதுக்கு முன்னாடி அந்தக் காலேஜோட பழைய கொஸ்டின் பேப்பர் ரெண்டு மூணு வாங்கிப் பாருங்க. ஒரு மூல ஆவணத்தைக் குடுத்து இதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு கேட்டிருந்தா தாராளமா சேருங்க, பூரா பூரா "காரணங்களை விவரி"யா இருந்தா வேற காலேஜ் தேடுங்க.