பாஸ்டன் மேயரின் விருந்து

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மேயர் மிஷெல் வூ 2023 டிசம்பரில் வெள்ளையரல்லாத மக்கள் பிரதிநிதிகளுக்கு மட்டும் விருந்து வைத்தார் என்ற செய்தியை இப்போதுதான் படித்தேன். ஒரு வெள்ளைக்கார மேயர் வெள்ளையருக்கு மட்டும் இப்படிச் செய்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா? இதுவும் நிறவெறிதானே?

கே.

அன்புள்ள கே.,

விட்டிருக்க மாட்டார்கள். விடவும் கூடாது. ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1822 முதல் 2021 வரை பாஸ்டனில் ஜெயித்து மேயரான அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். நகரமன்றத்தின் கதையும் லேசானதல்ல. 1950களில் தொடங்கி, ஊர் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ராக்ஸ்பரி பக்கம் கருப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்தாலும், ஊர் மொத்த ஓட்டில் அவர்கள் ஓட்டு கரைந்துபோகும். அந்த முறையில் 1967இல் கருப்பினத்தவரான தாமஸ் அட்கின்ஸ் ஜெயித்ததே பெரிய விஷயம். 1983 தேர்தலில்தான் வட்டாரத்துக்கு ஒருவராக ஒன்பது பேர், பொதுவில் நான்கு பேர் என்று மாறியது. இதற்கு நடுவே 1974இல், பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவுப்படி கருப்பினப் பிள்ளைகளை ஏற்றிவந்த பள்ளிப் பேருந்துகள்மேல் தெற்கு பாஸ்டனில் கல்லெறிந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஜெயித்து வந்தவர்கள் தங்களுக்குள் கூடிச் சாப்பிட்டுப் பேசுவதை நிறவெறி என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வெள்ளையரல்லாத பிரதிநிதிகளின் இந்தக் குழு பத்தாண்டுக்கு மேலாக இருக்கிறது, முறைவைத்து விருந்து நடத்துகிறோம் என்று வூ சொன்னார். சரி, நடத்தட்டும்.

இடம்தான் இடிக்கிறது. விருந்துக்குக் குறித்த பார்க்மன் ஹவுஸ், பீக்கன் தெருவில் இருக்கும் பழைய மாளிகை. அதன் சொந்தக்காரர் 1908இல் இறந்தபோது ஊருக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஊர் சொத்து அது. அழைப்பை அனுப்பியதும் மேயர் அலுவலக ஊழியர். நகரமன்றத்தின் 13 பேருக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. சிறிது நேரத்தில், தவறுதலாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும் என்று இன்னொன்று. அந்த ஏழு வெள்ளைக்கார உறுப்பினர்களைப் பந்தியில் உட்காரவைத்து எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மன்னிப்பு கேட்டது அந்த மின்னஞ்சலுக்காகத்தான், விருந்துக்காக அல்ல, கவனித்தீர்களா? குழுவில் யாராவது ஒருவர் வீட்டில், தங்கள் செலவில் கூடியிருந்தால் நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள், நானும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அப்புறம், இதைவிட மோசமாக எனக்குப் படுவது சிகாகோவில் நடந்தது. அங்கே மேயராக இருந்த லோரி லைட்ஃபுட், பதவியேற்ற இரண்டாம் ஆண்டு நிறைவையொட்டி 2021 மே மாதம் கொடுத்த தனிப்பேட்டிகளை வெள்ளையரல்லாத நிருபர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். நகர அரசுச் செய்திகளைச் சேகரிக்கும் நிருபர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், அதைச் சுட்டிக்காட்டத்தான் என்றார். குறை நியாயமானது. ஆனால் ஆட்களை வேலைக்கு எடுப்பது பத்திரிகை முதலாளிகள். யாருக்குப் பதில் சொல்வது என்பதை நிருபரின் தோலைப் பார்த்து மேயர் முடிவுசெய்தால் அதற்கு என்ன பெயர்? விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதிலாவது கொஞ்சம் சொந்த விருப்பம் இருக்கலாம், பதில் சொல்வது மேயரின் வேலை. சிகாகோ ட்ரிப்யூனின் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நிருபர் ஒருவருக்குப் பேட்டி கிடைத்திருந்தது. இந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். மறுத்தார்கள். எனக்குப் பேட்டியே வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டார்.