ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலில் நடந்தால் வயிற்றில் புழு வருமா?

வரலாம். அது கொக்கிப்புழு: சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம், சிறுகுடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. அது இருப்பவரின் மலம் கலந்த மண்ணில் முட்டை பொரிந்து, சில நாளில் இளம்புழு தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். இரண்டு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

விரலிடுக்கில் நுழைந்து (அந்த இடம் அரிக்கும்), ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கக் குடலுக்கு இறங்கும். எவ்வளவு சுற்றுவழி! அப்புறம் பால்வெட்டுதான். ரப்பர் மரத்தைச் சாய்க்காமல் பட்டையைக் கீறிப் பாலைச் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக எடுப்பதுபோல, ரத்தம் உறையாமலிருக்க ஒரு சுரப்பை விட்டு, வருடக்கணக்கில் உறிஞ்சும். சோகை பிடிப்பது அதனால்தான்.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பார்கள். சர்க்கரையில் புழுவும் இல்லை, முட்டையும் இல்லை.