பட்டறைக் கேள்விகள்: பேஸ் பிளேட்டைக் கம்ப்யூட்டரில் வரைவது எப்படி?

கேள்வி: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஷெட் தூணுக்கு அடியில் வைக்கும் 200 × 200 பேஸ் பிளேட், 12 மி.மீ. கனம், நான்கு ஓட்டை. இதை பிளாஸ்மாவில் (மின்சார ஜுவாலையால் இரும்பை வெட்டும் மெஷினில்) வெட்டிக் கொடுப்பவர் டி.எக்ஸ்.எஃப். ஃபைல் (மெஷின் படிக்கும் வரைபட ஃபைல்) கேட்கிறார். எதில் வரைவது? பையன் ஒருவனை வைத்து வரைந்து கொடுத்தபோது 16 மி.மீ. போல்ட் ஓட்டையில் இறங்கவே இல்லை. (ஓசூர் வாசகர்)

பதில்: ஃப்ரீகேட் என்ற வரைபட சாஃப்ட்வேர் போதும். காசு கிடையாது, சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும். அதில் ஸ்கெட்ச்சர் என்ற பகுதியை மட்டும் பழகுங்கள்.

சதுரத்தை நடுப்புள்ளியைச் சுற்றி வரைந்து, பக்கம் 200 என்று அளவு கொடுங்கள். ஓரத்திலிருந்து 40 மி.மீ. உள்ளே ஓட்டையின் மையம் என்றால், மையத்துக்கு மையம் 120 வரும். ஒரு வட்டத்துக்கு அளவு கொடுத்துவிட்டு, மற்ற மூன்றையும் 'இதற்குச் சமம், இதற்கு எதிர்ப்பக்கம்' என்று கட்டிவிடுங்கள். எல்லா அளவும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும். பச்சை வராமல் ஃபைலை அனுப்பாதீர்கள். எங்கோ ஒரு கோடு இன்னும் நகரும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, போல்ட் ஏன் இறங்கவில்லை? பையன் 16 போல்ட்டுக்கு 16 ஓட்டையே வரைந்திருப்பான். 18 வரைய வேண்டும். பிளாஸ்மாவில் ஓட்டையின் சுவர் நேராக நிற்காது, லேசாகச் சரியும். மேலே அளந்தால் சரியாக இருக்கும், அடியில் குறுகியிருக்கும். கான்கிரீட்டில் பதித்த போல்ட் என்றால் அதுவும் கொஞ்சம் இடம் மாறி நிற்கும்.

இன்னொன்று, நானே பட்டது. பிளாஸ்மா ஜுவாலை வெட்டும்போது ஒன்றரை மி.மீ. அளவுக்கு இரும்பைத் தின்றுவிடும். அதை 'கெர்ஃப்' என்பார்கள். புத்திசாலித்தனம் என்று நினைத்து நானே அதைக் கழித்து, 18 ஓட்டையை 16.5 என்று வரைந்து கொடுத்தேன். வெட்டுகிறவரின் மெஷினும் தன் பங்குக்கு அதையே கழித்தது. 24 பிளேட்டும் 16.5 ஓட்டையோடு வந்தன. ஒரு போல்ட் இறங்கினால் அடுத்தது இறங்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிரில்லில் பெரிதாக்கினோம். அன்றிலிருந்து பிளேட் முடிந்து கைக்கு வரும்போது என்ன அளவு வேண்டுமோ அதை மட்டும்தான் வரைகிறேன். கெர்ஃப் வெட்டுகிறவர் கணக்கு. ஆனாலும் ஃபைல் கொடுக்கும்போது "கெர்ஃப் நான் கழிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு படிந்திருந்தால் மெஷினின் வெட்டும் முனை (டார்ச்) அதே வழியில் இரண்டு முறை போகும். கண்ணுக்குத் தெரியாது. அளவு கட்டும் முன்பே கோட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் தெரிந்துவிடும். ஸ்கெட்சை மட்டும் தேர்ந்தெடுத்து டி.எக்ஸ்.எஃப். ஆக எடுங்கள். அதற்குள் எழுத்து எதுவும் வேண்டாம், மெஷின் அதையும் வெட்டப் பார்க்கும். கனம், எண்ணிக்கை, 'அளவு மி.மீ.' என்பதையெல்லாம் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். மி.மீட்டரை இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு பெரிதாகிவிடும்.

அப்புறம், அனுப்பும் முன் 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுங்கள். உங்கள் பிளேட் ஏ4 தாளிலேயே அடங்கும். ஓட்டைகளைக் கத்தரித்து, சைட்டில் நிற்கும் போல்ட் மேல் அந்தத் தாளை இறக்கிப் பாருங்கள். ஒரு பிளேட் சுமார் 3.7 கிலோ இரும்பு. தாள் கிழிந்தால் நஷ்டமில்லை.

கேள்வி: 10 மி.மீ. தகட்டில் 6 மி.மீ. ஓட்டை பிளாஸ்மாவில் போடலாமா? (கரூர் வாசகர்)

பதில்: வேண்டாம். தகட்டின் கனத்தை விடச் சின்ன ஓட்டை பிளாஸ்மாவில் வட்டமாக வராது. மையத்தை மட்டும் குறித்துத் தரச் சொல்லி, டிரில்லில் போடுங்கள். டேப் போடும் (உள்ளே மரை வெட்டும்) ஓட்டையும் அப்படித்தான்: எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5 டிரில்.